நான் படிக்காத நோட்டுகள்

பாதியில் நிற்கிற எதைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். தொழில் அப்படி. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு துணிக்கடையின் மாடியில் உட்கார்ந்து, யாரோ தைத்து யாருக்கோ பொருந்தாமல் போன துணிகளைப் பிரித்துச் சரிசெய்து தருகிறேன். நீளத்தைக் குறைப்பேன், இறுக்கத்தைத் தளர்த்துவேன். பாதி தைத்து வெறுத்துப்போய் மூட்டை கட்டிக் கொண்டுவந்து போட்டால் மீதியைத் தைத்து முடிப்பேன். எந்தக் கை விட்ட இடத்திலிருந்தும் என்னால் தொடர முடியும், சேர்த்த இடம் தெரியாது. இதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. முப்பத்தொரு வருஷம் ஒரே கம்பெனி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ஆனால் வேலைவிட்டு வந்து முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து தினமும் ஒரு மணி நேரம் எழுதுவார். கம்பெனியில் வேண்டாம் என்று ஒதுக்கிய சர்வீஸ் ரெஜிஸ்டர்கள்தான் நோட்டு. தேதி, பழுது, மாற்றிய பாகம், கையெழுத்து என்று கட்டம் போட்டிருக்கும். கட்டத்தையெல்லாம் மதிக்காமல் குறுக்கே எழுதிக்கொண்டு போவார். வருஷத்துக்கு ஒன்று என்று பத்தொன்பது நோட்டு சேர்ந்திருந்தது.

முதல் நோட்டு ஆரம்பித்த அன்றைக்கே, "இது ஒரு கதை. நீ மட்டும் படிக்கக் கூடாது, வாக்குக் குடு," என்றார். கொடுத்தேன். கொடுத்த வாக்கை மீறுகிறவள் இல்லை நான். கிண்டல் செய்யக் கூடாது என்று அவர் கேட்கவில்லை, அதனால் அதை மட்டும் குறைவில்லாமல் செய்துவந்தேன். "காவியம் எதுவரைக்கும் வந்திருக்கு?" என்றால், "போயிட்டிருக்கு," என்பார்.

டீ குடிக்கும்போது சம்பந்தா சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்பார். "ஒரு பொண்ணு சொல்லாம கொள்ளாம தலைமுடியைக் குட்டையா வெட்டிக்கிட்டு வந்து நின்னா, அவ அம்மா என்ன சொல்லுவா?" லிஃப்ட்டில் எவளையோ பார்த்துவிட்டு வந்து அளக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "எதுக்கு மிச்சம் வெச்ச, அதையும் வழிச்சுட்டு வா, மண்டைக்குக் காத்தாவது படும்னு சொல்லுவா," என்பேன். சிரித்துக்கொண்டே எழுதப் போவார்.

அவர் என்னிடம் வாக்கு வாங்கியதற்கு மூன்று வாரம் முன்பு நான் அவரிடம் ஒன்று வாங்கியிருந்தேன். எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்குவாள் என்பதால் நண்டு என்று கூப்பிடுவோம். ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருந்தபோது மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த வாரமே அவள் துணி எல்லாவற்றையும் மடித்து, பிள்ளைகள் விடுதி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு கைக்குட்டைகூட வைத்துக்கொள்ளவில்லை. இவர் வேலைவிட்டு வந்து அலமாரியைத் திறந்து, வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாய் திறக்கும் முன்பே, "இனிமே அவ பேச்சு இந்த வீட்டுல வேண்டாம். பேசினா நான் இங்க இருக்க மாட்டேன்," என்றேன். அவர் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறந்துவிட்டார் மனுஷன் என்றுதான் நினைத்தேன். எப்படி மறந்தார் என்று உள்ளுக்குள் அவர்மேல் கோபம்கூட இருந்தது.

போன வருஷம் எழுத்து நின்றுபோனது. பக்கத்துக்கு அடையாளம் வைக்க என்னிடம் ஒரு சிவப்பு நூல் வாங்கி வைத்திருந்தார். அந்த நூல் நகரவே இல்லை. தினமும் உட்காருவார், பேனாவின் மூடியைத் திறப்பார், ஒரு மணி நேரம் கழித்து மூடுவார். டீ நேரத்துக் கேள்விகளும் நின்றுவிட்டன. ஏதோ கேட்க வருவது போல இருக்கும், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். ஆள் பாதியாக இளைத்துப்போனார். ஓய்வு பெறுகிற நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வேலையும் போய், இதுவும் இப்படி நின்றுவிட்டால் இவர் என்ன ஆவார் என்ற பயம் எனக்கு.

என் தம்பி நகல் எடுத்து பைண்டிங் போடுகிற கடை வைத்திருக்கிறான். அவனிடம் புலம்பினேன்.

"இதெல்லாம் ஒரு விஷயமாக்கா? மாமா எழுதினதை ஃபோட்டோ எடுத்துக் குடு. கம்ப்யூட்டர்ல ஏஐன்னு ஒரு மெஷின் இருக்கு, அது படிச்சுட்டு, அவர் எழுதற மாதிரியே மீதியை எழுதி முடிச்சுடும். எதுவரைக்கும் மாமா, எதுல இருந்து மெஷின்னு உன்னால சொல்ல முடியாது."

"சேர்த்த இடம் தெரியாதா?"

"தெரியவே தெரியாது."

அங்கேதான் விழுந்தேன். அது என் தொழில் அல்லவா.

அவர் வேலைக்குப் போனதும் தினம் ஒரு நோட்டாக எடுத்து வைத்துக்கொண்டு ஃபோனில் படம் பிடித்தேன். வாக்கு வாக்குதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் நோட்டைத் திறப்பேன். கண்ணாடி இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு வரிசைதான். ஒரு சொல் படிக்கவில்லை. தம்பியும் படிக்கவில்லை. "மாமா கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு, அதை மெஷினே படிச்சுக்கட்டும்," என்றான். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, மீதியை எழுத அதற்கு நாலு நிமிஷம் ஆனது என்றான். தடித்த அட்டை போட்டு, மேலே இவர் பெயரைப் பொன்னிற எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தான்.

கடைசி நாள் அரைநாள்தான் வேலை. கம்பெனியில் கொடுத்த சுவர்க்கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மத்தியானமே வந்துவிட்டார். நான் புத்தகத்தை நீட்டினேன். பெயரைப் பார்த்ததும் சிரித்தார். நடுவில் பிரித்து நாலு வரி படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"இதை யார் படிச்சா?"

"யாரும் படிக்கல. நான் கண்ணாடிகூடப் போடல தெரியுமா," என்று செய்த சாமர்த்தியத்தை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தேன், பைத்தியக்காரி.

அவர் கடைசிப் பகுதியைத் தேடி எடுத்தார். நின்றபடியே ஆரம்பித்தவர், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். முடித்துவிட்டு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

பத்தொன்பது நோட்டையும் கயிற்றால் கட்டிப் பரண்மேல் போட்டார். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் மேஜைப் பக்கம் போகவில்லை. குழாய்க்கு வாஷர் மாற்றினார், கதவுக்கு எண்ணெய் போட்டார். பழுது தீர்ந்துபோனதும், எங்கள் கட்டிடத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டதற்கு மட்டும் பதில். பத்து நாள் பொறுத்தேன். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

"ஒரு வருஷமா முடிக்க முடியாம தவிச்சீங்க. முடிச்சுக் குடுத்தா, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கீங்க. நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?"

"முடிக்கணும்னு நான் எப்ப சொன்னேன்?" என்றார். "நீ அதைப் படிச்சியா?"

"வாக்குக் குடுத்திருக்கேனே."

"மெஷினே படிச்சாச்சு. இனிமே நீ படிக்காம இருந்து என்ன ஆகப்போகுது."

ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து நோட்டுக் கட்டை இறக்கினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். முதல் நோட்டு, முதல் பக்கம். 'நண்டுக்கு இன்று ஏழு வயது. முன்பல் ஆடுகிறது. பிடுங்க விடமாட்டேன் என்கிறாள்.'

ஏழு வயதை அவள் பார்க்கவே இல்லை.

நாலு நாள் கடைக்குப் போகவில்லை. வருஷத்துக்கு ஒரு நோட்டு, நோட்டுக்கு ஒரு வயது. சைக்கிளில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். கணக்கில் கோட்டைவிட்டாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றாள், அவள் அம்மா மண்டைக்குக் காற்றுப் படட்டும் என்றாள். நான் அந்த இடத்தை மூன்று முறை படித்தேன். பத்தொன்பது நோட்டிலும் அம்மா பேசுவதெல்லாம் நான் பேசியதுதான். ஒரு சொல்லைக்கூட இவர் கற்பனை செய்யவில்லை. டீ நேரத்தில் என் வாயைக் கிளறி வாங்கிக்கொண்டு போய்த்தான் எழுதியிருக்கிறார். அவளை வளர்த்தது இவர் மட்டும் இல்லை. எனக்குத் தெரியாமல் நானும் வளர்த்திருக்கிறேன், திட்டியிருக்கிறேன்.

கடைசி நோட்டில் அவளுக்கு இருபத்தைந்து. வெளியூரில் வேலை. விடுமுறைக்கு வந்தவள், சின்ன வயதில் போட்ட மஞ்சள் கவுனைத் தேடி அலமாரியைத் திறக்கிறாள். தட்டு காலியாக இருக்கிறது. 'அம்மா, என் சட்டையெல்லாம் எங்கே? ஏன் எல்லாத்தையும் குடுத்துட்டே?' அந்த வரியின்மேல் சிவப்பு நூல் கிடந்தது. இந்த ஒன்றை மட்டும் இவரால் டீ நேரத்தில் வேறு யார் கதையாகவும் கேட்க முடியவில்லை.

மெஷினுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அச்சடித்த புத்தகத்தில் அடுத்த வரியிலேயே பதில் இருந்தது. 'மகளே, பழையவற்றுக்கு விடை கொடுத்தால்தான் புதியவற்றுக்கு இடம் கிடைக்கும்' என்று தாய் கண்ணீர் மல்க அணைத்துக்கொண்டாளாம். என் ஆயுளில் நான் யாரையும் மகளே என்று கூப்பிட்டதில்லை. சேர்த்த இடம் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அதற்குமேல் அவளுக்குக் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒரு நூல்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் எண்பத்தொரு வயதில், ஜன்னலோரக் கட்டிலில், புன்னகையோடு கண்ணை மூடுகிறாள்.

"நல்லபடியாத்தான் போறா," என்றார் இவர். "ஆனா அவ போகக் கூடாதுன்னுதானே நான் எழுதிட்டே இருந்தேன்."

இரண்டாவது முறை அவளை அனுப்பிவைத்தது என் கை. "அந்தப் பக்கத்தையெல்லாம் கிழிச்சு அடுப்புல போட்டுடறேன்," என்றேன்.

"கிழி. படிச்சது போயிடுமா?"

டீ போட்டு எடுத்து வந்தேன். அவரை மேஜைக்கு முன் உட்காரவைத்து, ரெஜிஸ்டரில் நூல் கிடந்த பக்கத்தைத் திறந்து, பேனாவைக் கையில் கொடுத்தேன். "கேளுங்க என்கிட்ட. நான் பேச வேண்டாம்னு சொன்னது இன்னியோட போச்சு. கேளுங்க."

டம்ளரைத் தள்ளி வைத்தார். "ஏன் எல்லாத்தையும் குடுத்துட்டே?" என்றார்.

"எல்லாம் நான் தைச்சது. வளர்ற பிள்ளைன்னு ஒவ்வொண்ணுலயும் உள்ள மூணு விரல் மடிப்பு விட்டுத் தைப்பேன், வருஷா வருஷம் பிரிச்சு இறக்கிக்கலாம்னு. அந்த மடிப்பெல்லாம் அப்படியே இருந்துச்சுங்க. இனிமே பிரிக்க வேண்டாம்ல. அதை வீட்டுல வெச்சுக்கிட்டு என்னால இருக்க முடியல. எங்கயாவது ஒரு பிள்ளைக்கு யாராவது பிரிச்சு விடட்டும்னு குடுத்துட்டேன்."

அவர் குனிந்து எழுதினார். நான் சொன்னதைச் சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். எழுதி முடித்ததும் பேனா நின்றது.

"இதைக் கேட்டுட்டு அவ என்ன சொன்னா?" என்றேன்.

அவர் பக்கத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக நான் என்ன சொல்வேன் என்று தெரியாமல்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். நண்டு என்ன சொல்வாள் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"தெரியலம்மா," என்றார். "காது குடுத்துக் கேட்டா, புத்தகத்துல வர்ற அந்த எண்பத்தொரு வயசுக் கிழவி குரல்தான் வருது."

நானும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். டீ ஆறியது. அவள் பேசவில்லை.