பதினேழாம் அடுக்கின் வயது

பாறைக்கு வயது சொல்வதுதான் அவள் வேலை. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளைப் பொடி என்றே கூப்பிட்டார்கள். பாறையை இடித்துப் பொடியாக்குவதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது அத்தான் வைத்த பெயர். அக்கா கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது, பின்வரிசையில் தலைகூடத் தெரியாமல் நின்ற பன்னிரண்டு வயது மச்சினியைப் பார்த்து, "ஏ பொடி, முன்னாடி வா" என்றார். அன்றைக்கு ஒட்டியது, நாற்பத்து நாலு வயதிலும் விடவில்லை.

அத்தானும் நிலவியலாளர்தான், அதே நிறுவனத்தில். அவர் மலையேறிப் பாறை எடுத்து வருவார். இவள் உட்கார்ந்து வயது கண்டுபிடிப்பாள். படிக்கிற காலத்தில் ஒருமுறை சரிவில் வழுக்கி முட்டி உடைந்ததிலிருந்து இவளுக்கு மலை ஒத்துவரவில்லை. "நடக்கறதுக்கு நான் இருக்கேன், உக்கார்றதுக்கு நீ இருக்க. வேற என்ன வேணும்?" என்பார் அத்தான். இருபது வருஷம் அப்படித்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். சாப்பிட்ட கை காய்வதற்குள் அத்தான் மேஜையில் வரைபடத்தை விரித்துவிடுவார். "முதல்ல தட்டையாவது எடுக்க விடுங்க" என்று அக்கா சலித்துக்கொள்வாள்.

அந்த வரைபடத்தில் பெரும்பாலும் ஒரே இடம்தான் இருக்கும். மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக் குவாரி.

பூமியின் வரலாற்றை நிலவியலாளர்கள் காலம் காலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு காலம் முடிந்து அடுத்தது தொடங்குகிற எல்லையைக் காட்ட, உலகத்திலேயே ஒரே ஒரு பாறைச்சுவரைச் சர்வதேசக் கமிட்டி ஒன்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்த அடுக்கில் ஓர் உலோகத் தகடு பதிப்பார்கள். தங்க ஆணி என்று அதற்குச் செல்லப்பெயர். தங்கம் மருந்துக்கும் இருக்காது. தன் குவாரிச் சுவரில் அந்தத் தகடு ஏற வேண்டும் என்பது அத்தானின் ஆசை. கீழிருந்து எண்ணினால் பதினேழாவது அடுக்கு. அதற்குக் கீழே இல்லாத ஒரு சின்னப் புதைபடிவம், சீப்புப் பல் மாதிரி, கண்ணுக்கே தெரியாத அளவு, அந்த அடுக்கில்தான் முதல்முதலாகத் தலைகாட்டுகிறது. அதை முட்டி தேயத் தேடிக் கண்டுபிடித்தவர் அவர்.

ஆனால் புதைபடிவம் எது முன்னே எது பின்னே என்று சொல்லுமே தவிர, எத்தனை வருஷம் என்று சொல்லாது. அதற்கு எரிமலைச் சாம்பல் வேண்டும். பதினேழாம் அடுக்கை ஒட்டி இரண்டு விரல் கனத்தில் வெளிறிய சாம்பல் படிவு ஒன்று இருந்தது. சாம்பலில் சிர்கான் என்ற நுண்ணிய படிகங்கள் இருக்கும். எரிமலைக் குழம்பில் அவை உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை அண்டவே விடாது. பிறகு அந்த யுரேனியம் தனக்கே உரிய வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டிருக்கும். இன்றைக்கு எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன் அத்தான் அந்தச் சாம்பலைப் பையில் கட்டி எடுத்து வந்தார். பொடி அதை இடித்து, சலித்து, கழுவி, கனத் திரவத்தில் போட்டு, மிதந்ததைத் தள்ளி மூழ்கியதை எடுத்தாள். ஊசி மாதிரி மெலிந்த, பளிங்கு போன்ற படிகங்கள். ஒரு மாதம் மெஷினோடு மல்லுக்கட்டி வயதைச் சொன்னாள். இருபத்து நாலு கோடியே எழுபத்திரண்டு லட்சம் வருஷம். முன்னே பின்னே போனால் ஒரு லட்சம்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் இன்னொன்று. அங்கிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றங்கரையில் கிடைத்த ஒரு சாம்பலுக்குப் பதினோரு வருஷத்துக்கு முன் அவளே வயது கண்டிருந்தாள். இரண்டும் அப்படியே பொருந்தின. ஒரே எரிமலை ஒரே வெடிப்பில் இரண்டு இடத்திலும் சாம்பலைக் கொட்டியிருக்கிறது என்று அத்தானும் அவளும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் பாராட்டினார்கள். ஓட்டெடுப்பில் குவாரி ஜெயித்தது. அத்தான் ஓய்வு பெறுவதற்குள் தகடு பதிப்பது என்று முடிவாயிற்று.

தகடு பதிக்கும் முன், பாதுகாத்து வைக்க அந்தச் சாம்பலிலிருந்து இன்னொரு பை வேண்டும் என்று கமிட்டி கடிதம் போட்டது. அத்தான் வெளிநாட்டில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். "நான் வந்து எடுத்துத் தர்றேன். நீ அந்த முட்டிய வச்சுக்கிட்டு அங்க போகாத" என்று போனில் சொன்னார். அக்கறையாகச் சொல்கிறார் என்றே பொடி நினைத்தாள். அவருக்கு ஒரு வேலை மிச்சம் பண்ணலாமே என்று, நிறுவனத்து டிரைவரைக் கூட்டிக்கொண்டு, கைத்தடியை ஊன்றிக் குவாரிக்குப் போனாள். அத்தான் சிவப்புப் பெயின்டில் எழுதிய பதினேழு, சுவரில் பளிச்சென்று இருந்தது. தன் கையாலேயே இரண்டு பை சுரண்டி எடுத்தாள். ஒன்று கமிட்டிக்கு. மற்றதைச் சும்மா சரிபார்க்கலாம் என்று இடித்தாள்.

மைக்ராஸ்கோப்பில் ஓர் ஊசிகூட இல்லை. உருண்டு தேய்ந்த, செந்நிறக் குருணைகள்தான் கிடந்தன. மெஷினில் ஏற்றினால் ஒன்று முப்பது கோடி என்றது, ஒன்று தொண்ணூறு கோடி, இன்னொன்று நூற்றெண்பது கோடி. பழைய மலைகளிலிருந்து ஆறு அடித்து வந்து சாம்பலோடு கலந்துவிட்ட குப்பை. எல்லையின் வயதை அதிலிருந்து சொல்லவே முடியாது.

அவளுக்கு முதலில் தன் மேல்தான் சந்தேகம் வந்தது. இடிக்கிற உரலில் வேறு பாறை ஒட்டியிருந்திருக்கும், சல்லடையைச் சரியாகக் கழுவவில்லை, அடுக்கை மாற்றி எடுத்துவிட்டேன் என்று என்னென்னவோ நினைத்தாள். இரண்டு வாரம் ஆய்வுக்கூடத்தைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவினாள். மறுபடி குவாரிக்குப் போய், சிவப்புப் பதினேழுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று எடுத்து வந்தாள். மறுபடியும் அதே செந்நிறக் குருணை.

அப்படியானால் மூன்று வருஷத்துக்கு முன் இடித்ததில் கிடைத்த ஊசிகள் எங்கிருந்து வந்தன?

கீழ்த்தளத்துக் கிடங்கில் அவள் அளந்த ஒவ்வொரு பாறையின் மிச்சமும் எண் போட்டு இருக்கும். ஆற்றங்கரைச் சாம்பலின் டப்பாவை எடுத்தாள். நாலு கிலோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிடி இருந்தது. அந்தப் பிடியை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஊசி ஊசியாக, பளிங்கு போல.

கிடங்குச் சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒன்று அவளிடம்.

பதினேழாம் அடுக்கின் பழைய பையைத் தேடி எடுத்தாள். அதன் சீட்டில் எண், தேதி, குவாரியின் பெயர் எல்லாம் உருண்டையான, அழகான கையெழுத்தில் இருந்தன. பள்ளிக்கூட நாட்களில் அவள் நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டு அக்கா பெயர் எழுதித் தந்த அதே கையெழுத்து. அவள் கிடங்குத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முட்டி வலி தெரியவில்லை. இரண்டு சாம்பலும் இம்மி பிசகாமல் பொருந்தின என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தது நினைவுக்கு வந்தது. பொருந்தாமல் என்ன செய்யும், இரண்டும் ஒன்றுதானே.

அத்தான் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அக்கா வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டு முடித்து, அத்தான் வரைபடத்தை எடுக்க எழுந்தபோது, பையிலிருந்து இரண்டு சின்னக் குப்பிகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது நீங்க கொடுத்தது. இது நான் போய் எடுத்தது."

அத்தான் குப்பிகளைத் தொடவே இல்லை. பிறகு உட்கார்ந்தார்.

"போகாதன்னு சொன்னேனே."

"முட்டிக்காகச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"எல்லை அங்கதான் இருக்கு, பொடி. அதுல பொய் இல்ல. முப்பது வருஷம் அந்தச் சுவத்தப் பாத்தவன் சொல்றேன். சாம்பல்தான் காலை வாரிடுச்சு. வெறும் குப்பை. உன்கிட்ட கொண்டு வர்றதுக்கு முன்னாடியே வேற ஒரு லேப்ல பாத்துட்டேன். ஒரு நம்பர் இல்லாததால முப்பது வருஷம் மண்ணாப் போகணுமா?"

"வேற லேப்ல பாத்தீங்களா?" அது அவளுக்குப் புதுச் செய்தி. "அப்ப பொய்க்கு மட்டும் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

அத்தான் தயங்கவில்லை. "உன் பேர் இருந்தா யாரும் திருப்பிச் சோதிக்க மாட்டாங்க."

பாராட்டுகிற குரலில்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அக்கா சமையலறை வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள். பொடி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"சீட்டு நீதானே எழுதின?"

"அவர் எழுதச் சொன்னார், எழுதினேன்." பிறகு, கேட்காமலேயே, "எதுக்குன்னு கேட்டேன். சொன்னார். அப்புறம்தான் எழுதினேன்" என்றாள்.

"தெரிஞ்சேவா?"

"நீ வெளி ஆளா? தெரிஞ்சாலும் நீ நம்மள விட்டுக்கொடுக்க மாட்டேன்னு நெனச்சேன். எல்லாம் ஒரே சாம்பல்தானேடி, எங்க விழுந்தா என்ன?"

பொடி குப்பிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அக்கா வாசல்வரை வந்தாள். "அவர் ரிடையர் ஆக ஆறு மாசம்தான் இருக்கு. அதுவரைக்கும் வாயத் திறக்காம இரு. உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன்" என்றாள். பொடி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

நடந்ததைச் சொல்லிக் கமிட்டிக்குக் கடிதம் எழுத நாலு நாள் ஆயிற்று. எழுதுவது கஷ்டமில்லை, அக்காவின் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதில்தான் மூன்று நாள் போயிற்று. கடைசியில் போடவில்லை. சீட்டை எழுதியது யார் என்று விசாரணையில் கேட்டபோதுகூட, "அதை அவர்கிட்ட கேளுங்க" என்று மட்டும் சொன்னாள். கமிட்டி முடிவை நிறுத்தி வைத்தது, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அத்தான் முன்னதாகவே வேலையை விட்டார். பிரிவு உபசாரம் எதுவும் நடக்கவில்லை. விசாரணை அவளையும் விடவில்லை. அவள் இதுவரை சொன்ன வயதுகளில் நாற்பதை வேறு ஆய்வுக்கூடங்கள் திரும்பச் சோதித்தன. அந்த ஒரு வருஷமும் மெஷின் இருந்த அறைக்கு அவள் போகக் கூடாது. மேல்மாடியில் நூலக அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பதும் சரியாக இருந்தன. அதைச் சொல்லி ஒரு வரிக் கடிதம் வந்தது. கூடத்தில் சிலர் அதற்குப் பிறகும் அவளோடு டீ குடிக்க வரவில்லை. கூட இருந்தவளுக்கு மூன்று வருஷம் தெரியாமலா இருந்திருக்கும் என்று அவர்கள் பேசிக்கொண்டது அவள் காதுக்கும் வந்தது.

அதற்கு அடுத்த வருஷம் வேறு நாட்டுக் குழு ஒன்று அதே குவாரியைப் பார்க்க வந்தது. சிவப்புப் பதினேழுக்கு ஒரு முழம் மேலே, இடிந்து சரிந்த கல்லுக்குப் பின்னால், விரல் நகம் அளவு கனத்தில் இன்னொரு சாம்பல் கோடு இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். வேலை தெரிந்த ஆள் அவள்தான் என்று மாதிரியை அவளிடமே அனுப்பினார்கள். இந்த முறை மூன்று பேர் கையெழுத்திட்டு முத்திரை வைத்த பையில் வந்தது. நல்ல படிகங்கள். வயது இருபத்து நாலு கோடியே எழுபத்தோரு லட்சம். மற்ற நாடுகளில் இந்த எல்லைக்குக் கண்ட வயதும் அதையொட்டியே இருந்தது. அத்தான் சொன்ன இடத்தில்தான் எல்லை இருந்தது.

மெஷின் திரையில் அந்த எண்ணைப் பார்த்தபோது அவளுக்கு ஆறுதல் வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஒரு முழம் மேலே கல்லைப் புரட்டிப் பார்த்திருந்தால் போதும். அதைவிடக் கிடங்குப் பூட்டைத் திறப்பது அந்த மனுஷருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

குவாரிக்குத் தகடு வரவில்லை. ஓட்டு வேறு நாட்டுப் பாறைக்குப் போய்விட்டது. ஆனாலும் செய்தி எப்படியோ அக்கா காதுக்குப் போயிற்று. இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகப் போன் பண்ணினாள்.

"அவர் சொன்னது சரியாமே?"

"ஆமா. சரிதான்."

அக்கா மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று பொடி நினைத்தாள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீதான்டி அவசரப்பட்டுட்ட" என்றாள் அக்கா. "கொஞ்சம் பொறுத்திருந்தா எல்லாம் தானா சரியாயிருக்கும். அவர் இப்ப வீட்ட விட்டு வெளிய வர்றதே இல்ல தெரியுமா?"

பொடிக்குப் பதில் சொல்ல நிறைய இருந்தது. மெஷினில் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். மெஷினில் அப்போது எதுவும் ஓடவில்லை. அக்காவிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.