இருபத்திரண்டா, இருபத்திமூன்றா

எந்த வண்டி வேண்டும் என்பதில் ஷெரிலுக்குக் குழப்பமே இருக்கவில்லை. முந்நூறு சிசி, இரட்டை சிலிண்டர், முன்னால் குனிந்து ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் பைக், நீல நிறம். ஆறு வருடம் ஒரு சின்ன பைக்கில் மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் போய்வந்தவள், அடுத்தது இதுதான் என்று எப்போதோ முடிவு செய்திருந்தாள். புதிதாக வாங்க வசதிப்படவில்லை. பழைய வண்டியாகத் தேடியதில் இரண்டு அகப்பட்டன. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நீலம், இரண்டும் நல்ல நிலையில். ஒன்று 2022, மற்றது 2023. அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

காகிதத்தில் பார்த்தால் வித்தியாசம் கொஞ்சம்தான். 2023இல் முன் சக்கரத்தைத் தாங்கிக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஃபோர்க்கைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். முள் மீட்டர் போய் ஒரு வண்ணத் திரை வந்திருந்தது. புகை விதிகள் மாறியதால், எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்ற அமைப்பையும் மாற்றியிருந்தார்கள். எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோல் போடலாம் என்று டேங்க் மூடியருகே ஒரு ஸ்டிக்கர் இருந்தது. சீட் ஐந்து மில்லிமீட்டர் கூடுதல் உயரம்.

ஆனால் இணையத்தில் போய்ப் பார்த்தால் இது ஐந்து மில்லிமீட்டர் விஷயமாகத் தெரியவில்லை. இருபத்திரண்டு வைத்திருப்பவர்கள், இருபத்திமூன்றில் உயிரே இல்லை என்றார்கள். இருபத்திமூன்று வைத்திருப்பவர்கள் மற்றவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். இரண்டு வாரம் விடாமல் படித்த பிறகுதான் ஷெரிலுக்கு ஒன்று பிடிபட்டது. இரண்டையும் ஓட்டிய ஆள் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

"புதுசு எதுவோ அத வாங்கிடு. ஒரு வருஷம் லாபம்" என்றான் கணவன் நோயல். ஸ்கூட்டரைத் தாண்டி அவன் யோசித்தது கிடையாது. அவன் சொன்னது நியாயமான பேச்சு என்று அவளுக்கும் தெரியும். ஆனால் என்னதான் மாறியிருக்கிறது என்று தெரியாமல் வாங்க மனம் வரவில்லை.

பாண்டி பஜாரில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. ஒரு லென்ஸைப் போட்டு, சட்டென்று அடுத்ததை மாற்றி, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று நாளைக்கு நூறு தடவை கேட்பாள். இன்றைக்கு ஒன்றைக் காட்டி அடுத்த வாரம் மற்றதைக் காட்டினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அதே எழுத்துப் பலகை, அதே வெளிச்சம், அடுத்தடுத்த நொடி. அப்போதுதான் வித்தியாசம் தெரியும். ஆகவே இரண்டு வண்டிக்காரர்களுக்கும் போன் போட்டு, ஒரே நாள் ஒரே இடத்துக்கு வரச் சொன்னாள்.

வேளச்சேரியிலிருந்த தௌஃபீக் உடனே ஒத்துக்கொண்டான். அடுத்த மாதம் மஸ்கட்டில் வேலைக்குச் சேர வேண்டும், அதனால்தான் 2023ஐ விற்கிறான். வேளச்சேரி என்றாலே வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று எல்லோரும் கேட்பார்கள் என்பதால் அவனே முந்திக்கொண்டு, மழை அறிவிப்பு வந்த ஒவ்வொரு தடவையும் வண்டியை மேம்பாலத்தில் நிறுத்தியதற்குப் படம் அனுப்பினான். மயிலாப்பூர் வடக்கு மாட வீதிப் பக்கம் இருந்த அச்யுத் கொஞ்சம் தயங்கினான். 2022 அவனுடையது. தன் வண்டியை இன்னொன்றின் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. கடைசியில் வருகிறேன் என்றான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோட்டூர்புரம் நூலகத்தின் எதிரே கூடினார்கள். நோயலும் வந்திருந்தான். இரண்டு வண்டிகளையும் அருகருகே நிறுத்தியபோது எது எது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஷெரில் ஒரு நோட்டுப் புத்தகமும் இஞ்ச் டேப்பும் கொண்டுவந்திருந்தாள். சீட்டை அளந்தாள். 2022ஐவிட ஐந்து மில்லிமீட்டர் உயரமாக இருக்க வேண்டிய 2023இன் சீட், அளவில் மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. இரண்டு வருடம் உட்கார்ந்ததில் பஞ்சு அமுங்கியிருக்கும் என்று தௌஃபீக் சொன்னான். அதையும் எழுதிக்கொண்டாள்.

மத்திய கைலாஷ் வரை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. முதலில் இருபத்திரண்டு, பிறகு இருபத்திமூன்று, மறுபடி இருபத்திரண்டு. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது புதிய ஃபோர்க் அலுங்காமல் இருந்தது. பிரேக்கில் வித்தியாசமில்லை. திரை வெயிலில் நன்றாகத் தெரிந்தது. இவ்வளவும் எழுதிய பிறகும், எது பிடித்திருக்கிறது என்று தன்னையே கேட்டால் பதில் வரவில்லை.

அவள் எழுதி முடித்து நிமிர்ந்தபோது, விற்க வந்த இரண்டு பேரும் ஒருவர் வண்டியை மற்றவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ரவுண்டு போகட்டுமா என்று தௌஃபீக் கேட்டான். அச்யுத் தலையாட்டினான். அவன் இவன் வண்டியிலும் இவன் அவன் வண்டியிலுமாகப் புறப்பட்டுப் போனார்கள்.

பத்து நிமிடமாயிற்று. இருபது நிமிடமாயிற்று.

"ரெண்டு பேரும் மாத்திக்கினு அப்டியே வீட்டுக்குப் போய்ட்டாங்களா?" என்றான் நோயல்.

திரும்பி வந்தபோது அச்யுத் ஹெல்மெட்டைக் கழற்றாமல் தன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். டேங்கின் மேல் கை வைத்தான். பிறகு ஷெரிலிடம் வந்தான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்கோ. நான் விக்கல."

ஷெரிலுக்குச் சுருக்கென்றது. காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்தவள் அவள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் கோபப்பட முடியவில்லை. அவனே கதையைச் சொன்னான். நவம்பரில் வண்டி எடுத்தானாம். ஏப்ரலில் புது மாடல் வந்துவிட்டது. ஐந்து மாதம் பொறுத்திருக்கலாமே என்று அன்றிலிருந்து ஆற்றாமை. தலைகீழ் ஃபோர்க் வைத்த வண்டி சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வானாம். அதற்காகவே இதை விற்றுவிட்டு அதை வாங்குவதாக இருந்தான். ஒரு தடவைகூட அதை ஓட்டிப் பார்த்ததில்லை.

"ஓட்டினதுல என்ன தெரிஞ்சது?" என்று கேட்டாள் ஷெரில். வண்டி கிடைக்காமல் போனதைவிட அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அச்யுத் யோசித்தான். "மூணாவது கியர்ல, எஞ்சின் நிமிஷத்துக்கு அஞ்சாயிரம் சுத்து தாண்டறச்சே, என்னோடது ஒரு இழுப்பு இழுக்கும். உடம்பு பின்னாடி போகும். ஆத்துல யார்கிட்ட சொன்னாலும் புரியாது. அதுல அந்த இழுப்பு இல்ல. சமத்தாப் போறது."

அந்த இடத்தை அவள் தொட்டிருக்கவில்லை. இரண்டாவது கியரிலேயே பத்திரமாகப் போய்வந்திருந்தாள். இன்னொரு தடவை ஓட்டலாமா என்று கேட்டாள். விற்காத வண்டியை எதற்கு ஓட்ட வேண்டும் என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்காமல் சாவியைக் கொடுத்தான். காலியாகக் கிடந்த காந்தி மண்டபம் சாலையில் மூன்றாவது கியரில் முறுக்கினாள். ஐந்தாயிரத்தைத் தாண்டியதும் வண்டி அவளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னே ஓடியது. ஹெல்மெட்டுக்குள் தன்னையறியாமல் சிரித்தாள். உடனே அடுத்ததில் ஏறி அதே சாலையில் அதையே செய்தாள். இழுப்பு இல்லை. வேகம் அதே அளவு கூடியது, ஆனால் கூடுவது தெரியவில்லை.

ஆக வித்தியாசம் இதுதான். அதைக் கண்டுபிடித்த நேரம், அந்த வண்டி விற்பனைக்கு இல்லை.

இருபத்திரண்டுதான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. கிடைக்காது என்று தெரிந்த பிறகு வந்த ஆசை என்பதால் அவள் அதை முழுதாக நம்பவில்லை. அச்யுத் கிளம்பிப் போனான். ஒரு வாரம் யோசித்துச் சொல்லுங்கள், அதுவரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றான் தௌஃபீக். ஷெரிலுக்கு ஒரு யோசனை வந்தது. காலியான சாலையில் வருடத்துக்கு எத்தனை நாள் ஓட்டப்போகிறாள்? தினமும் போகிற பாதையில் ஓட்டிப் பார்த்தால் என்ன?

"ஒன்பதரைக்கு இதுலயே நான் கடைக்குப் போறேன். நீங்க பின்னாடி உக்காருங்க. நந்தனம் சிக்னல்ல கூட்டம் சேரட்டும்."

"கூட்டம் சேர்றதுக்கா வெய்ட் பண்றீங்க?" என்றான் தௌஃபீக். நோயல் இரண்டு பேரையும் இட்லி சாப்பிட அழைத்துக்கொண்டு போனான்.

நந்தனத்தில் கூட்டம் அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே சேர்ந்திருந்தது. ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, இரண்டாவது கியரில், கிளட்சைத் தொடாமல் வண்டி ஊர்ந்தது. திமிறவில்லை, துள்ளவில்லை, அணையவில்லை. வெங்கடநாராயணா சாலை முழுக்க அப்படியே வந்தது. உயரமான பின் சீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த தௌஃபீக் முதலில் "பிரேக், பிரேக்" என்று சொல்லிக்கொண்டு வந்தவன், பனகல் பார்க் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டான். இழுப்பை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக எதைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அங்கே தெரிந்தது. விதிக்காக மாற்றினார்களோ வேறெதற்கோ, அவளுடைய பாதைக்கு இது பொருந்தியது. அச்யுத்துக்கு அது சரி. தனக்கு இது.

கடை வாசலில் இறங்கியதும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

"இன்னா மேடம், அவரு இல்லன்னுட்டாருன்னு எடுக்கறீங்களா?"

"காலைல கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன்."

பெயர் மாற்றி முடிய மூன்று வாரம் ஆனது. தௌஃபீக் மஸ்கட் போவதற்கு இரண்டு நாள் முன் சாவியும் காகிதங்களும் கைக்கு வந்தன.

முதல் நீண்ட பயணமாக நோயலைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆரில் போனாள். கோவளம் தாண்டியபோது இடது பக்கக் கண்ணாடி படபடவென்று ஆடியது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள், நின்றுவிட்டது. குறைத்தாள், மறுபடி ஆடியது. சரியாக ஆறாயிரத்தில் மட்டும். ஓரமாக நிறுத்தி, திருகாணியெல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. இதைப் பற்றி எங்கேயும் படித்ததாக நினைவில்லை. அச்யுத்துக்குச் செய்தி அனுப்பினாள். அவன் வண்டியிலும் இப்படி உண்டா?

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. உண்டு, ஆனால் ஆறாயிரத்து ஐந்நூறில், அதுவும் வலது கண்ணாடி.

"வலதா?" என்றாள் ஷெரில்.

நோயல் ஹெல்மெட்டைக் கழற்றிச் சாலையோரக் கல்லில் வைத்துவிட்டு, இளநீர் எங்கே கிடைக்கும் என்று பார்க்கப் போனான். அவள் டூல் கிட்டைத் திறந்து, ஆடுவது அந்தக் கண்ணாடியா, வண்டியின் அந்தப் பக்கமா என்று தெரிந்துகொள்ள, இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி இடம் மாற்றி மாட்ட முடியுமா என்று பார்க்கத் தொடங்கினாள்.