இடது பக்கம் திரும்பிய புள்ளி

அக்ஷரா சாவிக்கொத்தை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"மேடம், எங்க ரூம்..." என்று பெங்களூர்த் தம்பதி பின்னாலிருந்து கூப்பிட்டது அவள் காதில் ஏறவில்லை. ஓட்டல் வரவேற்பு மேஜையிலிருந்து, கூட வேலை பார்க்கும் ஜெசி கொடுத்த ஒரே குரல்தான் ஏறியிருந்தது.

"அக்ஷு, உன் தங்கச்சி வண்டி இடது பக்கம் திரும்பிருச்சு."

மேஜைக் கம்ப்யூட்டரில் தாய்லாந்து வரைபடம். அதில் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளிதான் சௌபர்ணிகா. இருபத்திரண்டு வயது, முதுகில் ஒரு பை, சிக்கனச் செலவில் பதினெட்டு நாள் தனிப் பயணம். காலையில் பாங்காக்கில் கிளம்பிய கார் நேரே வடக்கே சியாங் மாய்க்குப் போயிருக்க வேண்டும். தாக் என்ற ஊரைத் தொட்டதும் மேற்கே மலைக்குள் நுழைந்திருந்தது.

"மேற்கே என்ன ஊரு?"

ஜெசி மௌஸை உருட்டினாள். "ஊரு என்னடி ஊரு. பார்டர். அங்கிட்டு பர்மா. எண்பது கிலோமீட்டருக்கு மேல, ஒன்றரை மணி நேரம்னு போட்டிருக்கு."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கம்பிவேலிக் கட்டடங்களில் நம் ஊர்ப் பிள்ளைகளை அடைத்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஊரை ஏமாற்றும் வேலை செய்யச் சொல்லி அடிக்கிற செய்தியை டிவியில் பார்க்காதவர் யார்? அங்கே போனவர்கள் திரும்பி வர மாதக்கணக்கு ஆனது. சிலர் வரவேயில்லை.

ஒன்றரை மணி நேரத்துக்குள் சௌபர்ணிகா அந்தக் காரைவிட்டு இறங்கியாக வேண்டும்.

"காரு யாரோடது?" என்றாள் ஜெசி.

"யாரோ இராமு அண்ணனாம். தேவகோட்டையாம், நகரத்தாராம். காலையில ஹாஸ்டல் வாசல்ல வந்து நின்னு, நீ காரைக்குடி மீனாட்சிசுந்தரம் மகதானே, வேலங்குடிக் கோவில்தானேன்னு கேட்டிருக்காரு. நானும் சியாங் மாய்தான் போறேன், பஸ்ஸுக்கு எதுக்கு ஆத்தா காசைக் கொடுக்கறேன்னு..."

"ஏறிட்டாளாக்கும்."

"ஏறிட்டு எனக்கு மெசேஜ் போட்டா."

"நீ என்ன சொன்ன?"

"சரி, பத்திரம்னு."

ஜெசி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்லலுக்கு ஆட்டோவுல போனாக்கூட வண்டி நம்பரை அனுப்புன்னு என் உசுரை எடுக்கிறவ நீ. இதுக்கு ஒரு கேள்வி கேக்கல?"

அக்ஷரா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல அவனுக்கு ஹாஸ்டல் எப்படித் தெரியும்? உங்க அப்பா ஏதாச்சும் குரூப்ல பெருமையாப் போட்டிருப்பாரு."

"இருக்கும்," என்று சொல்லிவிட்டு முற்றத்துக்கு ஓடினாள்.

கானாடுகாத்தானில் அந்தப் பழைய செட்டிநாட்டு வீட்டை ஓட்டலாக மாற்றியவர்கள் ஏசி போட்டார்கள், நீச்சல்குளம் வெட்டினார்கள். இரண்டடிச் சுவருக்குள் செல்போன் சிக்னலை மட்டும் கொண்டுவர முடியவில்லை. வானம் தெரிகிற முற்றத்தின் நடுவே ஒரே ஒரு கல்லில் நின்றால் கிடைக்கும். ஒரு அடி நகர்ந்தால் போய்விடும். மணி பதினொன்றே முக்கால். கல் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. செருப்பை நடையிலேயே விட்டிருந்தாள்.

தங்கையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

கிளம்புவதற்கு முன்பு அக்ஷரா தங்கைக்குப் பதினோரு விதிகள் எழுதிக் கொடுத்திருந்தாள். பாஸ்போர்ட் உடம்போடு இருக்கணும். தங்குற இடத்தை எங்கேயும் போடக்கூடாது. உதவி வேணும்னு தாய்லாந்து மொழியில அச்சடிச்ச சீட்டு சட்டைப் பையில இருக்கணும். கடைசியாக, ஒரு போன் நம்பரையாவது மனப்பாடமா வச்சுக்கணும். சௌபர்ணிகா அந்தத் தாளுக்கு 'ஆச்சி ஸ்டேஷன்' என்று பேர் வைத்தாள். அவர்கள் வீட்டில் அக்கா என்றால் ஆச்சி, அப்பா என்றால் அப்பச்சி.

"சொல்லு ஆச்சி." குரல் எதிரொலித்தது. காரின் ஸ்பீக்கர். பேசுவது முழுக்க அவனுக்கும் கேட்கும்.

"எங்கடி இருக்க?"

"மலையா வருது. அண்ணன் குறுக்கு வழின்னாக. சூப்பரா இருக்கு ஆச்சி."

"பாஸ்போர்ட் வச்சிருக்கியா?"

"அண்ணன்கிட்ட இருக்கு. செக்போஸ்ட் வருமாம், சேத்துக் காட்டிருவேன்னாக. போன்லயும் சார்ஜ் இல்ல, அண்ணன் பக்கம் சொருகிருக்கு."

முதல் விதி போயே போய்விட்டது. அக்ஷராவுக்கு உள்ளங்கால் எரிந்தது, முதுகு சில்லிட்டது.

"கவலைப்படாதீக ஆத்தா," என்று ஒரு ஆண் குரல் குறுக்கே வந்தது. "நம்ம பிள்ளை. பொழுது சாயறதுக்குள்ள கொண்டு சேத்துருவேன்."

பேச்சில் ஒரு குறை கிடையாது. காரைக்குடிப் பெரிய கடைவீதியில் நின்று பேசுகிற மாதிரியே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. திட்டினால் உஷாராகிவிடுவான். 'இறங்குடி' என்றால் கதவைப் பூட்டிவிடுவான். ஒரு வீட்டுப் பெண் மரியாதைக்குக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்க முடியும்.

"ரொம்ப உபகாரம்ணே. அண்ணன் எந்தக் கோவில்னு அப்பச்சி கேட்டாக."

நகரத்தாருக்கு ஒன்பது கோவில். ஒவ்வொரு குடும்பமும் ஒன்றைச் சேர்ந்தது. எந்த ஊர், எந்தக் கோவில் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் சரியாக வந்துவிட்டால் முன்பின் தெரியாதவனும் பாதிச் சொந்தக்காரன். பினாங்கிலும் ரங்கூனிலும் அதை நம்பிப் பெட்டியை ஒப்படைத்த குடும்பங்கள் உண்டு.

"இரணியூர்," என்றான், கண் இமைக்கிற நேரத்தில்.

"அண்ணமிண்டியும் அங்குட்டுத்தான் இருக்காகளா?" அண்ணன் மனைவியை அப்படித்தான் சொல்வார்கள்.

"தேவகோட்டையிலதான் ஆத்தா. பிள்ளைக படிக்குதுல்ல."

"அவுக பிறந்த வீடு எந்தக் கோவில்ணே?"

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோனது.

"பிள்ளையார்பட்டி," என்றான்.

அக்ஷரா போனை இறுக்கிப் பிடித்தாள். இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பிக் கோவில். அதில் ஒருவர் இதில் பெண் எடுக்க முடியாது. உடன்பிறந்தவளைக் கட்டினேன் என்று சொல்வதும் இதுவும் ஒன்று. ஒன்பது கோவில் பேரையும் உருப்போட்டவன் இதை உருப்போடவில்லை. பெண் பார்க்கும் பேச்சு காதில் விழ வளர்ந்தவர்களுக்கு மட்டும்தான் இது தெரியும்.

சௌபர்ணிகாவுக்கு உறைத்ததா? இயர்போனை மாட்டிக்கொண்டு வளர்ந்த பெண். இரண்டு விநாடி டயர்ச் சத்தம் மட்டும் வந்தது.

"அப்படியாண்ணே?" என்றாள் சௌபர்ணிகா. குரல் பிசகவில்லை. "அப்ப உங்க கல்யாணத்தை ஊரே பேசியிருக்குமே."

"பின்னே? மூணு நாள் பந்தி," என்று சிரித்தான்.

உறைத்துவிட்டது. அக்ஷரா கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆச்சி, ஒரு சங்கடம்," சௌபர்ணிகா குரலைத் தாழ்த்தினாள், அவனுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும். "வீட்டுக்குத் தூரமாயிட்டேன் போல."

"பையில ஒண்ணும் வச்சிருக்கலையா?"

"தீந்துபோச்சு ஆச்சி."

"அண்ணே, கோவிச்சுக்காதீக. பக்கத்துல பெட்ரோல் பங்க் கடை எதுலயாச்சும் ஒரு நிமிஷம் நிறுத்துறீகளா? பொம்பளைப் பிள்ளை சமாச்சாரம்."

"இன்னும் ஒரு மணி நேரந்தான் ஆத்தா, போயிட்டா எல்லாம் இருக்கு."

"கார் சீட் வெள்ளையா இருக்குண்ணே, கறையாயிரும்," என்றாள் சௌபர்ணிகா, ரொம்ப வருத்தமாக.

கார் வேகம் குறைவது கேட்டது. இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. நின்றது.

"போன் இங்கேயே கிடக்கட்டும், சார்ஜ் ஏறும்," என்றான். கதவு திறந்தது. கதவு மூடியது. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அக்ஷரா மேஜைக்கு ஓடி, நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். நீலப் புள்ளி சாலையோரம் நின்றது. ஜெசி லேண்ட்லைனைக் காதில் அழுத்தியிருந்தாள். "டூரிஸ்ட் போலீஸு. மூணு நிமிஷமாப் பாட்டுப் போடுறான். வச்சுட்டா மறுபடி கிடைக்காது."

"சீட்டைக் காட்டியிருப்பாள்ல?"

"காட்டியிருப்பா. உன் தங்கச்சி சொன்ன பொய்யைக் கேட்டா எனக்கே அவகிட்ட இனிமே பயமாத்தான் இருக்கு."

நான்கு நிமிடம். ஐந்து. தாய்லாந்துப் பாட்டு ரிசீவரிலிருந்து கொசுச் சத்தமாகக் கசிந்தது. ஆறாவது நிமிடம் புள்ளி அசைந்தது.

வடக்கே இல்லை. வந்த வழியே திரும்பியும் இல்லை. மேற்கே. முன்னைவிட வேகமாக.

"ஏத்திட்டான்," என்றாள் அக்ஷரா. அப்படியே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெசி குனிந்து அவள் தோளைப் பிடித்தாள். ரிசீவரை மட்டும் விடவில்லை.

அக்ஷரா திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். புள்ளி ஒரு வளைவைத் தாண்டியது. இன்னொன்றைத் தாண்டியது. காலையிலிருந்து அந்தப் புள்ளியைத் தங்கை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். புள்ளி தங்கை இல்லை. புள்ளி ஒரு போன். போன் காரிலேயே கிடக்கட்டும் என்று அவனே சொன்னான்.

சௌபர்ணிகா காரில் இல்லையென்றால், கையில் போன் கிடையாது. எதையாவது இரவல் வாங்கிக் கூப்பிட வேண்டும். எந்த நம்பருக்கு?

பதினோராவது விதி. கிளம்புகிற அன்று சௌபர்ணிகா ஒரு நம்பரை மனப்பாடமாக ஒப்பித்துக் காட்டினாள். 'உன் செல்லு அந்தக் கோட்டைக்குள்ள எடுக்கவா போகுது' என்று கிண்டல் செய்துவிட்டு, ஓட்டலின் லேண்ட்லைனைத்தான் ஒப்பித்தாள்.

"ஜெசி, போனை வை."

"இருடி, பாட்டு நின்னுருச்சு. யாரோ ஹலோங்கறா..."

"வை."

"போலீஸுடி!"

அக்ஷரா எழுந்து விரலால் போனை அமுக்கி லைனைத் துண்டித்தாள்.

ஜெசி அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பெங்களூர்த் தம்பதி நடையில் வந்து நின்று, முகங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனது. அரை நிமிடம். ஒரு நிமிடம். புள்ளி மூன்றாவது வளைவில் ஏறியது. தவறாகக் கணக்குப் போட்டிருந்தால், கிடைத்த ஒரே உதவியைத் தன் விரலாலேயே வெட்டிவிட்டாள்.

போன் அடித்தது.

"ஆச்சி," என்றாள் சௌபர்ணிகா. மூச்சு வாங்கியது. "அஞ்சு தடவை எங்கேஜ்டு. அப்படி யாரு கூட அரட்டை?"

அக்ஷரா ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினாள். ஜெசி ரிசீவரைப் பிடுங்கி, "எங்கடி இருக்க?" என்றாள்.

கடையின் பின்னறையில். சீட்டைப் படித்த கவுண்டர்ப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் அவளை உள்ளே இழுத்துக் கதவைத் தாளிட்டிருந்தாள். இராமு உள்ளே வந்து தேடியிருக்கிறான், அதட்டியிருக்கிறான். கடைக்காரர்கள் மூன்று பேர் வெளியே வந்து நின்றதும் காரை எடுத்துவிட்டான். போலீசுக்கு அவர்களே சொல்லியாயிற்று.

"பாஸ்போர்ட் போச்சு ஆச்சி. போனும் போச்சு."

"போகட்டும்," என்றாள் அக்ஷரா, ரிசீவரைத் திரும்ப வாங்கி. "போன் போகல. அதுதான் அவனைக் காட்டிக் கொடுக்குது."

போலீஸ் வந்ததும் அதே இரவல் போனில், ஜெசி வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு வளைவாகச் சொன்னாள். ஊர்ப் பேர்களை உச்சரிக்கத் தெரியாமல் எழுத்துக் கூட்டிச் சொன்னாள். இருபத்தைந்து நிமிடத்தில் புள்ளி ஒரு சோதனைச் சாவடியில் நின்றது. அதற்கப்புறம் நகரவில்லை.

மறுபடி போன் வந்தபோது சௌபர்ணிகாவின் குரல் சின்னதாகியிருந்தது.

"பிடிச்சுட்டாக. என் பாஸ்போர்ட் கிடைச்சுருச்சு. அது கூட இன்னும் ரெண்டு இருந்துச்சு ஆச்சி. ரெண்டும் நம்ம பக்கத்துப் பசங்க. ஒருத்தன் ராமநாதபுரம். அவங்க எங்க இருக்காங்கன்னு இனிமேதான் கேக்கணுமாம்."

அக்ஷரா சுவரில் சாய்ந்தாள். "சாப்பிட்டியா?"

"அந்தக் கவுண்டர்ப் பொண்ணு நூடுல்ஸ் கொடுத்தா. காசு வாங்க மாட்டேங்கறா. ஆச்சி, ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல. நான் எங்கேயுமே போடல. ஒரு போட்டோ கூடப் போடல. அவனுக்கு அப்பச்சி பேரு, கோவில், ஹாஸ்டல், இன்னைக்குக் காலையில கிளம்பறது வரைக்கும் தெரிஞ்சிருக்கு. அப்பச்சிதானே எங்கேயோ போட்டாக? ஊருக்கு வந்து வச்சுக்கறேன் அவுகளை."

ரிசீவரில் காதை ஒட்டியிருந்த ஜெசி தலையை ஆட்டினாள். 'நான் சொன்னேன்ல' என்கிற ஆட்டம்.

அக்ஷரா தன் செல்லை எடுத்தாள். தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற உறவினர் குரூப். நாலு நாளைக்கு முன்பு வந்த ஒரு செய்தி. அதற்குக் கீழே, பெயரில்லாத ஒரு நம்பரிலிருந்து கட்டைவிரல் ஒன்று. காலையில் தங்கையின் மெசேஜைப் பார்த்ததும், கேள்வி கேட்கத் தோன்றாமல், 'நல்லவேளை, யாரோ நம்மவங்க வந்துட்டாங்க' என்று அவள் நிம்மதிப்பட்டது இதை நம்பித்தான்.

"அப்பச்சி இல்லடி," என்றாள். செல்லை ஜெசியின் பக்கம் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

ஜெசி குனிந்து படித்தாள்.

'என் தங்கை சௌபர்ணிகா, காரைக்குடி மீனாட்சிசுந்தரம் மகள், வேலங்குடிக் கோவில். பாங்காக்கில் தனியாக இருக்கிறாள். தங்கியிருக்கும் ஹாஸ்டல் விலாசம் கீழே. ஞாயிறு காலை ஏழு மணிக்கு சியாங் மாய் கிளம்புகிறாள். அங்குட்டு நம்மவர்கள் யாராவது இருந்தால் பிள்ளைக்கு ஒத்தாசையாக இருங்கள். இப்படிக்கு, அக்ஷரா.'