ஏறாத பஸ்

காலை ஆறரைக்கு விமலநாதன் நீலச் சீருடையை மாட்டிக்கொண்டு, மலேசியாவின் பிறை நகரில் தன் அடுக்குமாடிக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில் நிற்பான். ஆறு நாற்பதுக்குத் தொழிற்சாலை பஸ் வரும். அதே நேரத்துக்குத் தெற்கே ஜொகூர் மாநிலத்திலிருந்து மனைவி தமயந்தி கூப்பிடுவாள்.

"பஸ் வந்துருச்சா?"

"வந்துருச்சு தமா."

"பசியாறினீங்களா?"

"கேண்டீன்ல பாத்துக்கறேன்."

அவள் சிரித்துவிட்டு வைப்பாள். பஸ் போய்விடும். அவன் ஏற மாட்டான். ஓட்டுநர் முதல் வாரம் அவனைக் கேள்வியோடு பார்த்தார். பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார்.

மூன்று வருடமாக அவள் அங்கே, அவன் இங்கே. ஜொகூரில் மின்னணுத் தொழிற்சாலை வேலை, விடுதியில் எட்டுப் பேரோடு ஓர் அறை. நீண்ட விடுமுறைக்கு வருவாள். வந்த களைப்பு தீருவதற்குள் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். வாசலில் அவள் விட்டுப்போன ரப்பர் செருப்பை அவன் இடம் மாற்றியதில்லை. இந்தத் தீபாவளியோடு அவள் அங்கே வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். இங்கே அவளுக்கு வேலை கிடைக்கும்வரை அவன் சம்பளத்தில் சமாளிக்கலாம் என்பது கணக்கு.

அந்தச் சம்பளம்தான் போய்விட்டது.

பிளாஸ்டிக் வார்க்கும் பிரிவு ஒன்றை மூடினார்கள். பதினொரு பேரை அறைக்குள் கூப்பிட்டு, மேற்பார்வையாளர் பழனிவேலு ஆளுக்கொரு கடிதத்தை நீட்டினார். 'சொந்தக் காரணத்தால் நானே வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று அதில் அச்சடித்திருந்தது. விமலனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

"தூக்கிட்டாங்கன்னு பேரு வாங்காதடா தம்பி," என்றார். "நாமளா விட்டோம்னு இருந்தாத்தான் நாலு இடத்துல மரியாதை."

மரியாதை என்ற சொல் போதுமானதாக இருந்தது. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ரொஹானி அக்கா மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"நான் எங்க விட்டேன்? நீங்கதானே அனுப்புறீங்க? அதை அப்படியே எழுதிக் குடுங்க," என்றாள்.

கிழவிக்கு வாய் ஜாஸ்தி என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். விமலனும் சிரித்தான். இரண்டு நாள் அலைந்து, ஆள்குறைப்பு என்று எழுதிய கடிதத்தை வாங்கிக்கொண்டுதான் அவள் போனாள்.

ஒரு மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிடும், கிடைத்த பிறகு தமயந்தியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் பிறகு அழைப்பதாகச் சொன்னார்கள். அழைத்தவள் தமயந்தி மட்டும்தான்.

ஒருநாள் சந்தையில் மீன் வாங்கும்போது ரொஹானி அக்காவைப் பார்த்தான். அவள் தெம்பாக இருந்தாள். வேலை தேடும் காலத்துக்கு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ மாதாமாதம் உதவித்தொகை தருவதாகவும், தையல் பயிற்சிக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னாள். அது விபத்துக்கு மட்டும்தானே என்றான் அவன்.

"சம்பளச் சீட்டை ஒருநாளாவது படிச்சிருக்கியா? வேலை போனா குடுக்கன்னே தனியா ஒரு தொகை பிடிச்சிருப்பான். நாளைக்கே போ."

மறுநாள் காலை பஸ்ஸைப் பார்க்காமல் சொக்சோ அலுவலகத்துக்குப் போனான். முகப்பில் இருந்த பெண் கடைசியாக வேலை செய்த தேதியைக் கேட்டாள். மேசை நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினாள். அறுபத்து மூன்று. பிறகு கடிதத்தைக் கேட்டாள். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்களே விலகுனதா எழுதியிருக்கே? தானா விலகுனா உதவித்தொகை கிடையாதே."

"அவங்க அச்சடிச்சுக் குடுத்தாங்க."

"அதுக்கு ஏதாவது ஆதாரம் இருந்தா, நாள் இருக்கும்போது பேசியிருக்கலாம். அறுபது நாளுக்குள்ள வரணும் சார்." அவள் குரலில் எரிச்சல் இல்லை. "மூணு நாள் தாண்டிருச்சு."

வேலை தேடுவோர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டு அனுப்பினாள். மூன்று நாளுக்கு முன் அவன் சீருடை போட்டுக்கொண்டு நிறுத்தத்தில் நின்றிருந்தான்.

மதியம் அவனே தமயந்தியைக் கூப்பிட்டான். அந்த நேரத்தில் அவன் கூப்பிட்டதே இல்லை. என்ன, என்ன என்று பதறினாள். எல்லாவற்றையும் சொன்னான். அவள் பின்னால் கேண்டீன் தட்டுகளின் சத்தம் கேட்டது.

"போன வருஷம் இங்க ஒரு லைனை மூடுனாங்க," என்றாள் கடைசியில். "என் ரூம்ல நாலு பேருக்கு அந்த சொக்சோ ஃபாரத்தை நான்தான் நிரப்பிக் குடுத்தேன். அந்த லெட்டர்ல கையெழுத்துப் போடாதீங்கடின்னு சண்டை போட்டதும் நான்தான்."

அவன் கையிலிருந்த கடிதத்தை மடித்துப் பையில் வைத்தான்.

"வேலை போனது வெக்கம் இல்லீங்க. எங்கிட்ட மறைச்சீங்க பாருங்க, அதுதான். நான் இங்க விலகுற லெட்டர் எழுதி பையில வச்சிருக்கேன். இன்னைக்குக் குடுக்கலாம்னு இருந்தேன்."

"குடுக்கலையா?"

"எப்படிக் குடுக்க?"

அவள் ஓய்வு நேரம் முடிந்துவிட்டது.

மறுநாள் அவன் சீருடை போடவில்லை. சாதாரணச் சட்டையில் நிறுத்தத்துக்குப் போனான். அடுத்து வர்ணம் பூசும் பிரிவை மூடப்போகிறார்கள் என்று சந்தையில் ரொஹானி அக்கா சொல்லியிருந்தாள். அந்தப் பிரிவு ஆட்களும் இந்த பஸ்ஸில்தான் போவார்கள். பஸ் வந்தது. அறுபத்து நான்கு நாளில் முதல்முறையாக அவன் படியேறினான். ஓட்டுநர் வியந்து பார்த்தார். பையில் கைபேசி அடித்தது.

"பஸ் வந்துருச்சா?" அவள் பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"வந்துருச்சு தமா. ஏறிட்டேன். வைக்காத."

பஸ்ஸில் இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினான்.

"என்னைத் தூக்கிட்டாங்க," என்றான். இரண்டு மாதத்தில் வெளியாரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல்முறை. "நானா விட்டதா கையெழுத்துப் போட்டேன். ஏமாந்தேன். உங்ககிட்டயும் அந்த லெட்டரை நீட்டுவாங்க. போடாதீங்க. அனுப்பிட்டோம்னு அவங்களையே எழுதித் தரச் சொல்லுங்க. மறுநாளே சொக்சோவுக்குப் போங்க, வீட்டுல மறைக்காதீங்க. அது பிச்சை இல்ல. நம்ம சம்பளத்துல பிடிச்ச காசு."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் தன் சம்பளச் சீட்டை எடுத்து விரித்தாள். அவன் இறங்கிக்கொண்டான். பஸ் போனது.

"கேட்டுச்சா?" என்றான் கைபேசியில்.

"கேட்டுச்சு," என்றாள். "இதை என்கிட்ட முதல் நாளே சொல்லியிருந்தா, அந்தக் காசை வாங்க வச்சிருப்பேன், தீபாவளிக்கு நான் அங்க இருந்திருப்பேங்க."