கொம்பில் ஒரு பெயர்

அணிவகுப்பு முரசு ஒலிக்கத் தொடங்கிவிட்டது. கோட்டை மதிலோரம் குந்தியிருந்த சைலஸ், துப்பாக்கிக்கான வெடிமருந்தை அடைத்து வைக்கும் தன் மாட்டுக்கொம்பில் கத்திமுனையால் கடைசி எழுத்தை அவசரமாகக் கீறினான். போரில் முகம் சிதைந்தவனைக் கொம்பிலுள்ள பெயரைப் பார்த்துத்தான் புதைப்பார்கள்.

"எல்லார் கொம்புலயும் பேரை வெட்டிக் குடுத்த. உன் கொம்பு மட்டும் ரெண்டு வருஷமா மொட்டையா கெடந்துச்சு. இப்பத்தான் புத்தி வந்துச்சாக்கும்," என்றான் பக்கத்தில் நின்ற படைத்தோழன் கிடியன்.

சைலஸ் கொழுப்பில் குழைத்த கரியைக் கீறல்களின் மேல் தேய்த்தான். எழுத்துகள் கறுத்துத் தெரிந்தன.

"ஜேபஸ் கோல்," என்று படித்தான் கிடியன். "யாருடா இவன்? நம்ம படையில இப்படி ஒருத்தன் இல்லையே."

"நான்தான். எங்க பண்ணைக்காரர் மகன் சைலஸுக்குப் பதிலா அவன் பேர்ல படைக்கு வந்தவன். புதைக்கும்போதாவது என் பேரைச் சொல்லுங்கப்பா."