முப்பத்திரண்டும் இரண்டரையும்

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, விளையாட்டு அரங்கின் இரண்டாம் மாடி அறிவிப்புப் பலகையில் மண்டலத் தேர்வுப் போட்டிக்கான இறுதிப் பட்டியல் ஒட்டப்பட்டது. மகளிர் 800 மீட்டரில் எட்டுப் பெயர்கள் அச்சாகியிருந்தன. எட்டாவது பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் 'மருத்துவத் தகுதி இல்லை' என்று கையால் எழுதியிருந்தது. முறையீட்டுக்கு மாலை ஐந்து மணி வரை நேரம்.

அந்தப் பெயருக்கு உரியவளை மைதானத்தில் எல்லோரும் ஊசி என்றுதான் அழைத்தார்கள். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஏழு முதல் இரண்டு வரை ரத்தம் எடுப்பது அவள் வேலை. அதனால் வந்த பெயர். வயது முப்பத்தொன்று. திருநங்கை. பள்ளியில் ஆண்களோடு ஓடிய காலத்தில் 800 மீட்டரை ஒரு நிமிடம் ஐம்பத்தாறு விநாடியில் முடித்தவள். ஐந்து வருட ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகு இப்போது இரண்டு நிமிடம் ஒன்பது விநாடி ஆகிறது. நாளைய ஓட்டத்தில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் தேசிய முகாமுக்குப் போவார்கள். அடுத்த முகாம் இரண்டு வருடம் கழித்து.

வேலை முடிந்து வந்தவள் சீருடையைக்கூட மாற்றாமல் பலகையின் முன் நின்றாள். பிறகு விளையாட்டு அலுவலகச் செயலாளரின் அறைக்குள் போனாள்.

செயலாளர் மரியாதையான மனிதர். நாற்காலியைக் காட்டினார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார், தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகுதான் கோப்பைத் திறந்தார்.

"விதிப்படி ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன், அதான் அந்த ஆண் ஹார்மோன், லிட்டருக்கு ரெண்டரைக்குக் கீழ இருக்கணும்மா. பதினோரு மாசமா ஒண்ணு, ஒண்ணே கால்னுதான் வந்திருக்கு. ஒரு குறையும் இல்ல. இந்த மாசம் மட்டும் முப்பத்திரண்டு. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்றது?"

"முப்பத்திரண்டா? அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

அதுவரை அவள் அந்தத் தாளைப் பார்த்ததில்லை. ஓட்டக்காரர் கை படக்கூடாது என்பது விதி. வெளிக் கூடம் ஒன்று ரத்தம் எடுத்து, அறிக்கையை உறையிலிட்டு முத்திரை வைத்துக் கொடுக்கும். அவள் அதைப் பிரிக்காமல் கொண்டுவந்து அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு மாதமும் அப்படித்தான் சேர்த்தாள்.

தாளை ஒரு முறை பார்த்ததும் போதுமாக இருந்தது.

"சார், இது வேற அலகு. உங்க விதி லிட்டருக்கு எத்தனை நானோமோல்னு கேக்குது. இதுல டெசிலிட்டருக்கு எத்தனை நானோகிராம்னு போட்டிருக்காங்க. அந்தக் கூடத்துல மெஷினை மாத்தியிருப்பாங்க. இருபத்தொன்பதால வகுத்தா ஒண்ணு புள்ளி ஒண்ணு. நீங்க இப்ப சொன்ன பழைய அளவுகளுக்குள்ளதான் இருக்கு."

"அப்படியா?"

"தினம் நூறு ரிப்போர்ட்டுல இதைப் பாக்குறேன் சார்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். ஆனா இங்க முப்பத்திரண்டுன்னு இருக்கு. விதியில ரெண்டரைன்னு இருக்கு."

"உங்க உயரம் நூத்தி எழுபது சென்டிமீட்டர்னு வைங்க. இந்தக் கதவு ஏழு அடி. நூத்தி எழுபது ஏழை விடப் பெரிசு, அதனால நீங்க இந்த ரூமுக்குள்ள வரவே முடியாதுன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

அவர் தன்னையறியாமல் கதவைப் பார்த்தார். சிரிப்பும் வந்துவிட்டது. "நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா வகுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்லையே. மருத்துவ அலுவலர் கையெழுத்து வேணும். அவர் மாநாட்டுக்குப் போயிருக்கார். திங்கக்கிழமைதான் வருவார்."

"போட்டி நாளைக்கு."

"தெரியும்மா. அந்தக் கூடத்துலேர்ந்தே திருத்தின ரிப்போர்ட் வாங்கிட்டு வாங்க. அஞ்சு மணிக்குள்ள வந்தா நானே பெயரைச் சேர்க்கிறேன்."

ஊசி அங்கேயே நின்று கூடத்துக்குத் தொலைபேசினாள். எடுத்த பெண் இருபது நிமிடம் காக்க வைத்துவிட்டு, புது மெஷின் என்பதை ஒப்புக்கொண்டாள். திருத்தித் தரவும் தயார் என்றாள். ஆனால் பரிசோதனை கேட்டது விளையாட்டு அலுவலகம். எனவே அலுவலகம்தான் எழுத்தில் கேட்க வேண்டும். ஊசி தொலைபேசியைச் செயலாளரிடம் நீட்டினாள்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நாங்க கேக்கக் கூடாதும்மா. ஒருத்தருக்காக நாங்களே ரிப்போர்ட்டைத் திருத்தச் சொன்னோம்னு நாளைக்குப் பேச்சு வரும். அதுவும் உங்க விஷயத்துல."

"என் விஷயத்துலன்னா?"

"எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல. புகார் ஒண்ணு வந்திருக்கு. போன வாரமே."

"யார் கொடுத்தது?"

"அதைச் சொல்ல முடியாது," என்றார். ஆனால் கோப்பு திறந்துதான் இருந்தது. அந்தக் கையெழுத்தை ஊசி எத்தனையோ பயிற்சி அட்டைகளில் பார்த்திருக்கிறாள்.

அந்தக் கையெழுத்துக்கு உரியவள், மைதானத்தில் கடுகு என்று பெயர், கீழே படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை மாற்றிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது, குள்ளம், இரண்டு நிமிடம் பதினொன்று. விடியற்காலையில் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துவிட்டு மைதானத்துக்கு வருபவள். மூன்று வருடமாக இருவருக்கும் ஒரே மாஸ்டர், ஒரே பயிற்சி. தண்ணீர் பாட்டில்கூடப் பெரும்பாலும் ஒன்றுதான்.

"நீயாடி எழுதினே?"

கடுகு நிமிரவில்லை. "ஆமாக்கா."

"நேத்து என் காலைப் பிடிச்சு நீவி விட்டுட்டுப் போனே."

"சுளுக்கு. நீவி விட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன?" அவள் இப்போது எழுந்து நின்றாள். எழுந்தும் ஊசியின் தோள் உயரம்தான். "நான் உன்னைத் தப்பா எழுதலக்கா. மூணே வரிதான் எழுதினேன். மருந்து ரத்தத்தை மாத்தும், சரி. இந்த உயரத்தை மாத்துமா, காலை மாத்துமா? எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு கேட்டேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா என்ன சொல்வே? நியாயம்தான்னு சொல்வே. நான் எட்டு வருஷமா ஓடுறேன். நீ வந்தே, முதல் மாசமே எனக்கு முன்னால போனே. உனக்குப் பின்னாலயே ஓடி ஓடி உன் முதுகுதான் எனக்கு மனப்பாடம்."

"பதிமூணு செகண்ட் போச்சுடி எனக்கு. படியேறினாலே மூச்சு வாங்கின வருஷம் ஒண்ணு இருக்கு. போன தடவை அந்த உயரமான பொண்ணு என்னைத் தோற்கடிச்சாளே, அவ காலை அளந்து யாராவது புகார் கொடுத்தாங்களா?"

"அவ அப்படியே பொறந்தா."

"நானும்தான்."

கையில் கடிகாரத்தோடு வந்த மாஸ்டர், முழுவதையும் கேட்டிருந்தார் போலிருக்கிறது. புகாரைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும்; அதுவும் அவர் முகத்தில் இருந்தது.

"நீங்க சொல்லுங்க மாஸ்டர்," என்றாள் கடுகு. "யார் சொல்றது சரி?"

"எனக்குத் தெரியாது," என்றார் அவர். "முப்பது வருஷமா ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறேன். அது யார் முதல்ல வந்தாங்கன்னு மட்டும்தான் சொல்லும். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டு, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தியை இழக்க நான் தயாரா இல்ல."

ஊசி தாளில் இருந்த எண்ணைப் பற்றிச் சொன்னாள். மெஷின், அலகு, வகுத்தல், திங்கட்கிழமை. கடுகு இரண்டு முறை திரும்பக் கேட்டாள்.

"அப்ப என் புகாருக்காக உன்னை நிறுத்தலையா?"

"அதை யாருமே படிக்கலடி. முப்பத்திரண்டைப் பாத்தாங்க, கோடு போட்டாங்க."

கடுகுக்கு முகம் சிவந்தது. ஒரு காலில் கயிறு கட்டாமலேயே படியேறினாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். மணி நான்கு நாற்பது.

"சார், அந்தப் புகார் நான் கொடுத்தது," என்று அறைக்குள் நுழையும்போதே சொன்னாள். "அதை விசாரிங்க. அக்காவைக் கூப்பிடுங்க, என்னைக் கூப்பிடுங்க, டாக்டரைக் கூப்பிடுங்க. ஓடலாம்னு சொல்லுங்க, இல்ல ஓடக்கூடாதுன்னு சொல்லுங்க. ஆனா இந்த நம்பர் தப்பு."

"உட்காரும்மா."

"நான் உட்கார வரல."

"உனக்கு நல்லதுதானே நடந்திருக்கு?" செயலாளருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அவங்க பட்டியல்ல இல்ல. பட்டியல்ல இல்லாதவங்க மேல புகாரை விசாரிக்க முடியாது. இனி அது தேவையும் இல்ல."

"அப்ப அடுத்த தடவை இவங்க திரும்ப வந்தா?"

"அப்ப மறுபடி எழுதும்மா."

மாஸ்டர் மேசையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றினார். "சார், நிபந்தனையோட ஓட விடுங்க. முடிவை நிறுத்தி வைங்க. திங்கக்கிழமை டாக்டர் வந்து பாக்கட்டும். முன்னால செஞ்சிருக்கோமே."

"செஞ்சது வயசுச் சான்றிதழ் விஷயத்துல. இதுக்கு முன்மாதிரி இல்ல மாஸ்டர். நான் ஒண்ணு செஞ்சு வச்சு, அதுவே முன்மாதிரி ஆயிடுச்சுன்னா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த விஷயத்துல எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் திட்டு எனக்குத்தான். இதுல யாரும் முடிவெடுக்கல பாருங்க. எண்தான் எடுத்திருக்கு."

"தப்பான எண்," என்றாள் ஊசி.

"அதைத் திங்கக்கிழமை பாக்கலாம்."

ஊசி ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினாள். முறையீட்டை நின்றபடியே எழுதினாள்: இரண்டு அலகுகள், வகுக்க வேண்டிய எண், விடை. கீழே கையெழுத்திட்டாள். கடுகு அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, சாட்சி என்று எழுதித் தானும் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "என் புகாரை நான் வாபஸ் வாங்கலக்கா," என்றாள்.

"வாங்காதே," என்றாள் ஊசி.

செயலாளர் தாளில் தேதியும் நேரமும் போட்டு முத்திரை குத்தினார். 4:52. நகலை மறக்காமல் கொடுத்தார். ஐந்து மணிக்கு அறை பூட்டப்பட்டது.

சனிக்கிழமை காலை மகளிர் 800 மீட்டரில் ஏழு பேர் ஓடினார்கள். கடுகு இரண்டு நிமிடம் 10.9 விநாடியில் முதலாவதாக வந்தாள். திங்கட்கிழமை மருத்துவ அலுவலர் ஊசியின் அளவை 1.1 என்று திருத்திக் கையெழுத்திட்டார். தேசிய முகாமுக்கான பெயர்கள் ஞாயிற்றுக்கிழமையே அனுப்பப்பட்டிருந்தன. கடுகின் புகார் 'விசாரணை தேவைப்படவில்லை' என்ற குறிப்போடு முடிக்கப்பட்டது.