பன்னுவின் காதில் ஒரு வெட்டு

நாய்களைப் பற்றி முனிகிருஷ்ணனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது, ஜோகுபாளையத்தில் அவன் குடியிருக்கும் சந்து முழுவதும் ஒத்துக்கொண்ட விஷயம். இத்தனைக்கும் அவன் நாய் வளர்த்தவன் இல்லை. இந்திராநகரில் ஒரு பெரிய அபார்ட்மென்டில் ஒன்பது வருடமாக செக்யூரிட்டி சூப்பர்வைசர், அவ்வளவுதான். அங்கே தெருநாய் பிடிக்க வேன் வரும்போதெல்லாம் கேட்டைத் திறந்துவிட்டுக் கூடவே நிற்பான். வேன்காரர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு போய், குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்து, வெறிநாய்க்கடி ஊசியும் போட்டு, அதே இடத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். எதற்கு ஆயிற்று, எதற்கு ஆகவில்லை என்று தெரிவதற்காகக் காதில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டியிருப்பார்கள். இந்தக் காது ரகசியத்தை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்லி முனிகிருஷ்ணன் நல்ல பேர் வாங்கியிருந்தான். தெருவில் நடக்கும்போதுகூட, இது ஆச்சு, அது ஆகல என்று சொல்லிக்கொண்டேதான் போவான்.

அப்பேர்ப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிந்து வரும்போது ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பார்க்கிங்கின் பின்பக்கம், மிச்சம் கிடந்த மணல் மூட்டைகளுக்கு நடுவில் தனியாகக் கத்திக்கொண்டு இருந்ததாம். தாயைக் காணோம். இரண்டு மாதம் இருக்கும். அவன் மகள் மகாவுக்குப் பத்து வயது. குட்டியைப் பார்த்த மாத்திரத்தில் பன்னு என்று பேர் வைத்துவிட்டாள். நிறமும் உருண்டை வயிறும் பேக்கரி பன்னேதான்.

முதலில் ஊசி, அப்புறம் கொஞ்சல் என்று அவன் மனைவி தனக்கோடி அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவள் சமையல் வேலை செய்யும் வீட்டில் ஒரு நாய் உண்டு. அதற்கென்று தனிப் புத்தகம், அதில் ஊசி போட்ட தேதி, ஸ்டிக்கர், டாக்டர் கையெழுத்து எல்லாம் இருக்கும். நம் வீட்டுக்கு வந்ததையும் அப்படி ஒரு டாக்டரிடம் காட்டிவிடலாம் என்பது அவள் கட்சி. முனிகிருஷ்ணன் சிரித்தான். குட்டியைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான். இடது காதின் நுனியில் ஒரு விரல்நக அளவுக்குச் சதை இல்லை. ஆறிப்போன வெட்டு.

"பாத்தியா? கவர்மென்டே போட்டு அனுப்பிக்கீது. சும்னே இன்னொரு ஊசி எதுக்கு?"

"இத்துனூண்டு குட்டிக்கா வெட்டுவாங்க?"

இப்போதெல்லாம் சின்னதிலேயே பிடித்துவிடுகிறார்கள் என்று முனிகிருஷ்ணன் சொன்னான். இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவனே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டான். அவனிடம் இந்த வியாதி உண்டு.

மூன்று நாள் இதே பேச்சு. வெட்டியதாகவே இருக்கட்டும், ஒருதரம் டாக்டர் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று அவள் கேட்டாள். அவனுக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடம் நாய் வேனோடு நின்றவன் வார்த்தைக்கு மேலே இன்னொருத்தன் வார்த்தை வேண்டுமா என்று அவன் குதித்தான். நாலாம் நாள் விளையாட்டில் குட்டி மகாவின் மணிக்கட்டைக் கவ்வியது. ஊசி ஊசியாகப் பால்பல். நாலு சிவப்புப் புள்ளி. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டான். ஒன்றும் ஆகாது, பால்பல்தானே என்றான். தனக்கோடி அன்றைக்கு மறுபேச்சுப் பேசவில்லை. சோறு போட்டாள், பாத்திரம் தேய்த்தாள், படுத்துவிட்டாள். ஒருவழியாகப் புரிந்துகொண்டாள் என்று முனிகிருஷ்ணனுக்குத் திருப்தி.

மறுநாள் எதிர்வீட்டு சுனிதா தன் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுனிதாவுக்கு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. பையன் ராகேஷுக்கு நாலு வயது. ஆள்காட்டி விரலில் ரத்தம். பன்னுவின் வாயில் பிஸ்கட்டோடு சேர்த்து விரலையும் விட்டிருக்கிறான். அவள் நேராக முனிகிருஷ்ணனிடம்தான் கேட்டாள். அந்தச் சந்தில் நாய் விஷயம் என்றால் வேறு யாரைக் கேட்பார்கள்?

"அண்ணா, ஊசி போடணுமா?"

அவன் குட்டியின் காதைக் காட்டினான். ஊசி போட்ட நாய் கடிப்பதும் கொசு கடிப்பதும் ஒன்றுதான், குழந்தையை வீணாக அழவைக்காதே என்றான். சுனிதாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் லைன் பிடித்து நின்றால் ஒரு நாள் வேலை போகும் என்றுதான் பயந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலமே ராகேஷ் திரும்ப வந்து பன்னுவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

வந்த பதின்மூன்றாம் நாள் காலையில் குட்டி கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பால் வைத்தால் முகத்தைக் கொண்டுபோகிறது, குடிக்க முடியவில்லை. கீழ்த்தாடை தொங்கி எச்சில் வழிந்தது. குரலே மாறிவிட்டது. தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும் என்று முனிகிருஷ்ணன் முடிவு கட்டினான். வாயைத் திறந்து இரண்டு விரலை விட்டுத் துழாவிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. விரலில் பல் கீறியதுதான் மிச்சம். தனக்கோடி வேலைக்குப் போயிருந்தாள், மகா பள்ளிக்கூடத்தில். குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, அல்சூர் ஏரிப் பக்கம் டாக்டர் வீணா வைத்திருக்கும் கிளினிக்குக்கு ஆட்டோவில் போனான்.

டாக்டர் குட்டியின் வாயைப் பார்த்ததும் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கையுறை போட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். எத்தனை நாளாக இப்படி, எங்கே கிடைத்தது, ஊசி போட்டிருக்கிறதா என்று கன்னடத்தில் வரிசையாகக் கேட்டார். முனிகிருஷ்ணன் கடைசிக் கேள்விக்கு மட்டும் தெம்பாகப் பதில் சொன்னான். ஆகிவிட்டது, காதைப் பாருங்கள் என்றான்.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, அவனுக்குப் புரியவேண்டும் என்றோ என்னவோ, தமிழுக்கு மாறினார்.

"இது கத்திரி வெட்டு இல்ல. பல்லு. வேற நாய் கடிச்சிருக்கு. இவ்ளோ சின்னக் குட்டிக்கு ஆபரேஷன் யாரும் பண்ண மாட்டாங்க. காதும் வெட்ட மாட்டாங்க."

முனிகிருஷ்ணனுக்கு முதலில் அந்த வார்த்தைகள் ஏறவேயில்லை. காது என்கிறார், பல் என்கிறார். அப்புறம் ஏறியது. பதின்மூன்று நாளாக அவன் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டியது, வெறி பிடித்த ஏதோ ஒரு நாயின் பல் பட்ட இடத்தை.

டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். இது வெறிநோய் மாதிரித்தான் தெரிகிறது, குட்டி செத்த பிறகு மூளையைப் பரிசோதித்தால்தான் உறுதியாகும், ஆனால் அதுவரைக்கும் மனிதர்கள் காத்திருக்கக் கூடாது, கடிபட்டவர்கள், கீறல் பட்டவர்கள் எல்லோரும் இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றார். குட்டி இங்கேயே இருக்கட்டும், பிழைக்காது என்றார். வாய்க்குள் விரலை விட்டேன் என்று அவன் சொன்னதும் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய், கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவவைத்தார்.

கழுவிக்கொண்டே, முதல் நாளே ஊசிக்குக் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டான்.

"தெரியல. ஏற்கெனவே கடிபட்டு வந்த குட்டி. ஆனா அன்னிக்கே கொண்டு வந்திருந்தா, இந்தக் காத அன்னிக்கே பாத்திருப்பேன்."

தனக்கோடிக்குப் போன் செய்தான். மகாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வா என்று மட்டும் சொன்னான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆட்டோவில் போகும்போது அவன் கண்ணுக்கு முன்னால் அந்த நாலு சிவப்புப் புள்ளிதான் நின்றது. மகாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற இடத்துக்கு மனசு போகும், போன வேகத்தில் திரும்பிவிடும். தன் விரலைப் பற்றி அவனுக்கு நினைப்பே வரவில்லை.

ஆஸ்பத்திரி ஊசி அறை வாசலில் தனக்கோடியும் மகாவும் அவனுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். அவன் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சீட்டு வாங்க வெளியே வந்த நர்ஸ் ராஜலக்ஷ்மி மகாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ ஏம்மா இன்னிக்கு வந்தே? உனக்கு அடுத்த ஊசி அடுத்த மாசம்தானே?"

முனிகிருஷ்ணன் நர்ஸைப் பார்த்தான். மகாவைப் பார்த்தான். மகா தலையைக் குனிந்துகொண்டாள். தனக்கோடி கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மூன்று தேதி, மூன்று கையெழுத்து. முதல் தேதி, மகாவைக் கடித்ததற்கு மறுநாள்.

"நாய்க்குப் போடறதா வேணாமான்னு நீ முடிவு பண்ண. புள்ளைக்கு நான் முடிவு பண்ணேன்."

"எங்கிட்ட சொல்லல."

"சொன்னா விட்டிருப்பியா?"

மகா பிழைத்தாள் என்பது மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே வெட்கம். பத்து வயதுப் பெண், ஒரு சாக்லேட் வாங்கினால்கூட ஓடிவந்து சொல்கிறவள், மூன்று ஊசி போட்டுக்கொண்டு அவனிடம் மூச்சு விடவில்லை. அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளவும் அவனுக்கு வாயில்லை. அவள் தலையில் கையை வைக்கப் போனவன், கீறல் பட்ட விரல் நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டான்.

அப்போதுதான் அவனுக்கு எதிர்வீடு ஞாபகம் வந்தது.

"சுனிதா பையன்?" என்றான்.

தனக்கோடியின் முகம் மாறியது. "நான் கூப்ட்டேன். மகாவோட சேத்து அவனையும் இட்டுகினு போலாம்னு சொன்னேன். அண்ணனே வேணாம்னு சொல்ட்டாரு அக்கா, உங்களுக்கு ஏன் பயம்னு என்னையே கேட்டா. ரெண்டு தபா கேட்டேன். உன் பேச்சதான் நம்பினா."

முனிகிருஷ்ணன் வராந்தாவிலேயே நின்று சுனிதாவுக்குப் போன் போட்டான். கம்பெனியில் போனை வெளியே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நாலாவது முறை லைன் சூப்பர்வைசர் யாரோ எடுத்தார். உயிர் விஷயம் என்று சொல்லி சுனிதாவைக் கூப்பிடவைத்தான். நான் சொன்னது தப்பு, ராகேஷைத் தூக்கிக்கொண்டு உடனே வா என்றான்.

பொம்மசந்திராவிலிருந்து அவள் வீட்டுக்குப் போய்ப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் முனிகிருஷ்ணனுக்கு ஊசி போட்டாயிற்று. விரலைச் சுற்றியும் ஒரு மருந்தைக் குத்தினார்கள். உயிர் போகிற வலி. நாலு வயசு விரலில் இதையே குத்துவார்களே என்று நினைத்ததும் அவனால் அங்கே உட்கார முடியவில்லை. கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். வருகிற ஆட்டோவையெல்லாம் குனிந்து பார்த்தான்.

சுனிதா கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து இறங்கினாள். ராகேஷ் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் திட்டுவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று அவன் தயாராக நின்றான். திட்டியிருந்தால் தேவலை.

அவள் மகனின் ஆள்காட்டி விரலைப் பிரித்து அவன் முன்னால் நீட்டினாள். காயம் ஆறி, தழும்புகூட மங்கிவிட்டிருந்தது.

"எட்டு நாளாச்சு அண்ணா. இப்ப போட்டா காப்பாத்திடுமா? நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதும்மா," என்றான் முனிகிருஷ்ணன். "உள்ள வா. அவங்களக் கேப்போம்."